நீலப் பந்து

செவ்வாய்க்கிழமை, இரவு

டாக்டராகப் போகிறவள் நடந்ததை மறைக்கக் கூடாது. அதனால் என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பி சலீமுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை, கை மெதுவாகத்தான் நகரும். கேட்டதற்குச் சைகையாலாவது பதில் சொல்வானா என்று பார்க்க, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே படித்த டாக்டரம்மாவிடம் இன்று நாகல் நகருக்குப் போனோம். அவர் சிவப்பும் நீலமுமாக இரண்டு பந்துகளை வைத்து, "எது வேணும் அப்பு?" என்று சலீமைச் செல்லமாகக் கேட்டார்.

"அவனுக்குச் சிவப்புதான் பிடிக்கும் டாக்டர்," என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஒன்னையவா கேட்டேன்?" என்று சிரித்து, பேனாவை என்னிடம் நீட்டினார். "அவன் செய்றத எழுது. வாயத் திறக்காத."

வெகுநேரம் எழுத ஒன்றுமே இல்லை. அம்மா சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சலீமின் கை ஊர்ந்து ஊர்ந்து நீலப் பந்தைத் தொட்டது. அவனுக்கு ஒரே சிரிப்பு. அவனுடைய சட்டை, டம்ளர், பை எல்லாவற்றையும் சிவப்பாகவே தேர்ந்தெடுத்தது நான்தான்!

"இம்புட்டு நாளும் பொறுத்துக்கிட்டியாடா?" என்று ஆட்டோவில் கேட்டேன். இன்னும் சிரித்தான்.

படுக்கும்போது அம்மா சலீமிடம், "லைட்ட அமத்தவா?" என்று கேட்டார். அவனுக்குத் தூக்கம் வருது என்று சொல்ல வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, சலீம் வேண்டாம் என்று தலையசைத்தான். அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது.

இதோ, மறுபடி கேட்டதற்கு இப்போது சரி என்று தலையசைக்கிறான். விளக்கை அணைக்கப் போகிறேன்.