வாசலோடு திரும்பிய மாதா

அக்டோபர் 3, வெள்ளி

இன்று மைக் நன்றாக எடுத்தது. போன வருடம் கரகரத்த ஸ்பீக்கரை ரோச் அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டார். செபமாலை மாதம் முழுக்க மாதா சுரூபம் தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே செபமாலை சொல்வோம், ராத்திரி மாதா அந்த வீட்டிலேயே தங்குவார், மறுநாள் சாயங்காலம் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவோம். எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குப் பொறுப்பாளர் என்பதால் செபத்தை நடத்துவது நான். தெருக் கடைசி வரை கேட்டதாக ஜெர்லின் சொன்னாள். "மாதாவுக்குக் காது நல்லாத்தான் கேக்கும், சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்றும் சொன்னாள். கட்டிக்கொண்டவள் அப்படித்தான் சொல்வாள்.

நவம்பரில் எங்கள் கோயில் பங்கில் அன்பியங்களுக்கு விவிலிய வினாடி வினா. இந்தத் தடவை முதல் பரிசை விடக்கூடாது.

அக்டோபர் 8, புதன்

ஆபீசில் சாப்பிட உட்கார்ந்தபோது மாசானம் அண்ணாச்சி கேட்டார். எங்கள் ஆபீஸ் வேனை ஓட்டுகிறவர். எங்கள் தெருவில்தான் கடைசி வீட்டில் குடியிருக்கிறார், அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான்.

"ஏலே ரெக்சா, உங்க மாதா எல்லா வீட்டுக்கும் போறாவல்லா. எங்க வீட்டுக்கு வருவாவளா? வடிவு கேட்டுக்கிட்டே இருக்கா."

அவர் மனைவி வடிவு மதினிக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் என் வாயில் என்ன வந்தது?

"சாமியார்ட்ட கேக்கணும் அண்ணாச்சி. அவரு ஊர்ல இல்ல."

பங்குச் சாமியார் ஊரில்தான் இருக்கிறார். பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? மதம் மாற்றுகிறார்கள் என்று யாராவது கிளப்பிவிட்டால் என்ற பயம். நம் ஆட்களே முகம் சுளித்தால் என்ற பயம். இரண்டும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நான் சிலுவை போடுவதில்லை. சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போல நெஞ்சைத் தொட்டுக்கொள்வேன். இத்தனை வருடமும் அப்படித்தான். நான் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவர் பேச்சை எடுத்ததும் நான் ஓடிவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் வேனில் ஏறியதும் அண்ணாச்சி சொன்னார்: "சாமியார் வந்துட்டாரு போல. விடியக்காலம் கோயில் மைக்ல அவரு சத்தம் கேட்டுதுன்னு வடிவு சொன்னா."

கிண்டல் செய்தாரா, நம்பித்தான் சொன்னாரா? கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. துறைமுகக் கேட் வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். போனில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சாமியார் வாசலில்தான் நின்றார். கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கேட்டுவிட்டேன். ஜெர்சன் சாமியார் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதுக்கு எதுக்கு எங்கிட்ட வாரீங்க? கூப்பிடுற வீட்டுக்குப் போகத்தான மாதாவைத் தூக்கிட்டு அலையுறீங்க?"

சாக்கு போயிற்று. ஆனால் எல்லா நாளையும் ஏற்கெனவே வீடுகளுக்குச் சொல்லியாகிவிட்டது. யாரிடம் போய் உன் நாளை விட்டுக்கொடு என்று கேட்பது? ஒரு வழி தோன்றியது. வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வாசலைத் தாண்டித்தான் அடுத்த தெருவுக்குப் போகிறோம். அங்கே சற்று நிறுத்தி ஒரு செபம் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் திருப்தி, நமக்கும் வம்பில்லை. "வெள்ளிக்கிழமை மாதா வாராவ அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாசலோடு சரி என்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அவர்கள் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அண்ணாச்சி குளித்து வேட்டி கட்டி நின்றார். நான் சைகை காட்ட, சுரூபம் தூக்கியவர்கள் நின்றார்கள். ஒரு செபம் சொன்னேன். மைக்கில்தான். சொல்லும்போதே திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டேன்.

முக்காலியில் பட்டுச்சேலையை மடித்து விரித்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். சுவரோரம் இருந்த திருச்செந்தூர் முருகன் படத்தைத் தள்ளி வைத்து மாதாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். கட்டிலில் மதினி தலைசீவிப் பூ வைத்துத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கையைக் காட்டினேன். ஊர்வலம் நகர்ந்தது.

"உள்ள வரலியாலே?" என்று அண்ணாச்சி கேட்டது பாட்டுச் சத்தத்தில் கேட்காதது போல நடந்தேன். கேட்டது. நன்றாகவே கேட்டது. சீ, நானெல்லாம் என்ன மனுசன்?

வீட்டுக்கு வந்து ஜெர்லின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கைகால் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மறைபரப்பு ஞாயிறு. பூசை முடிவில் அன்பியங்கள் சார்பாக நான் பேச வேண்டும் என்று போன மாதமே முடிவாகியிருந்தது. தலைப்பு, விசுவாசத்தைப் பகிர்வது நம் ஒவ்வொருவரின் கடமை. பேசினேன். கைதட்டினார்கள்.

திரும்பும்போது வண்டியில் பின்னாலிருந்து ஜெர்லின் சொன்னாள், "நல்லாப் பேசுனிய. அப்படியே வடிவக்காவைப் பாத்துட்டுப் போவமா?" நான் வண்டியை வேறு தெருவழியாகத் திருப்பினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வழக்கம்போல அண்ணாச்சி வீட்டுத் தூக்குவாளி வந்துவிட்டது. மதினியால் அடுப்புப் பக்கம் போக முடியாது. கடைப் பலகாரத்தை வழக்கமான தூக்குவாளியிலேயே போட்டு அண்ணாச்சியே கொண்டு வந்தார். ஒரு கோபமும் இல்லாமல் வாசலில் நின்று சிரித்துவிட்டுப் போனார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடுத்த அதிரசத்தைக் கடிக்காமல் திரும்ப வாளியிலேயே வைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

கடைசி நாள் எப்போதும் ரோச் அண்ணன் வீட்டில். பூ அலங்காரம், தெருவுக்கே சாப்பாடு. இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், எங்கள் அன்பியத்துக்கு அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மீன்பிடித் துறைமுகத்தில் போய் அவரைப் பார்த்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த நாளை மாசானம் அண்ணாச்சி வீட்டுக்கு விட்டுத்தர முடியுமா?

"ஏலே, நான் என்ன சொல்லுவேன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டு இத்தன நாளும் பேசாம இருந்தியா? மாதா என்ன எனக்கு மட்டுமா சொந்தம்? கொண்டு போடே. சாப்பாட்டைத் தெருவுல வச்சுப் போட்டுக்கிடுதேன்."

அவ்வளவுதான். சாமியார் தடுக்கவில்லை, ரோச் அண்ணன் தடுக்கவில்லை. வேறு யாரைப் பார்த்துப் பயந்தேன்?

அக்டோபர் 31, வெள்ளி

மாதா அண்ணாச்சி வீட்டில் இருக்கிறார். அதே முக்காலி, அதே பட்டுச்சேலை. அறைக்குள் மைக் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளில் செபத்தின் பின்பாதி என் பங்கு. பாவிகளாகிய எங்களுக்காக இப்போதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளச் சொல்லும் வரி. சிறுவயதிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரி. கட்டிலில் மதினியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை. "இப்பொழுதும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த மணியிலும் அப்படியே.

மதினி கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினோம்.

"தம்பி, ஏன் ஒரு வார்த்தைய முழுங்குதிய?"

கையிலிருந்த மணியையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

"மாசம் பூரா மைக்ல கேட்டுக்கிட்டுத்தான கெடக்கேன். எனக்குப் பாடமே ஆயிட்டு. அந்த வரிக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். எங்கிட்ட எல்லாரும் சரியாயிரும் சரியாயிரும்னுதான் சொல்லுதாவ. அந்த நேரத்துக்குன்னு கேக்கது நீங்க மட்டுந்தான்."

திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். முழுங்காமல் சொன்னேன். அந்த வரியை நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது மதினி என் கையைப் பிடித்தார். "எனக்கு அந்த நேரம் வரும்போது வந்து சொல்லுவியளா?" வருவேன் என்றேன். மாதா முன்னால் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

தினமும் சாயங்காலம் போய் செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாள் போனேன். வினாடி வினாப் பயிற்சியும் அதே நேரத்தில்தான். இந்த இரண்டு வாரம் போகட்டும், பிறகு தினமும் போகலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றும் போகவில்லை. விவிலியத்தில் அரசர்கள் இரண்டு புத்தகமும் படித்து முடிந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

எங்கள் அன்பியத்துக்கு மூன்றாம் பரிசு. எவர்சில்வர் தட்டு.

போட்டி முடியும் வரை போனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பரிசு வாங்கி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுத்தான் போனைப் போட்டேன். அண்ணாச்சி பல தடவை கூப்பிட்டிருந்தார். ஜெர்லினும்.

தட்டோடுதான் ஓடினேன். கீழே வைக்கத் தோன்றவில்லை. வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெர்லின் மதினியின் தலைமாட்டில் இருந்தாள். தகவல் தெரிந்து அவள் வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டதாம்.

அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்துப் போனார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"போன் போகலலே. அவ வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா. வேற என்ன செய்ய? நானே சொன்னேன். மைக்ல கேட்டதுதான. கையப் பிடிச்சுக்கிட்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். மரண நேரங்கதையும் விடல." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார், "ஏலே, நான் சொன்னா செல்லும்லாலே?"

"செல்லும் அண்ணாச்சி" என்றேன். "செல்லும்."

இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரிடம் என் விசுவாசத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே வார்த்தை இதுதான். அதுவும் அவர் கேட்ட பிறகு. அதுவும் நான் செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்த பிறகு.

நவம்பர் 17, திங்கள்

சுடுகாடு வரைக்கும் போனேன். சாயங்காலம் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தட்டை ஜெர்லின் பரண்மேல் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

அண்ணாச்சி வேலைக்குத் திரும்பிவிட்டார். மத்தியானம் எப்போதும் போல எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் கொண்டு வந்தது கடைப் பொட்டலம். ஜெர்லின் கொடுத்தனுப்பிய மீன் குழம்பை நடுவில் வைத்தேன்.

கை வழக்கம்போலப் பொத்தானுக்குத்தான் போனது. பிறகு நெற்றிக்குக் கொண்டு போனேன். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்களா என்று தெரியாது. கண்ணை மூடியிருந்தேன்.

திறந்தபோது அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "முடிச்சிட்டியாலே?" என்று கேட்டுவிட்டு, குழம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.