மடக்கிய கண்ணாடி

என் தங்கைக்கு வாய்த்த நல்ல மனுஷரே, மாப்பிள்ளை ஜெயசீலன்,

ஆம்பூரில் என் தோல் மண்டிச் சந்துக்குள் இடது பக்கம் திரும்பிய லாரி, மொபெட்டில் வந்த உங்களைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. நடந்தது இவ்வளவுதான். யார் மேல் தப்பு என்பதைத்தான் வேலூர் கோர்ட்டில் இத்தனை நாளாகப் பேசினார்கள்.

திரும்புகிற லாரிக்கு இடது பக்கம் நுழைந்தது உங்கள் அவசரமாம். பாதித் தப்பு உங்களுடையது என்றார் இன்ஷூரன்ஸ் வக்கீல். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மேரி எழுந்தே விட்டாள். "வண்டிய தள்ளிக்கினு ரோட்ட தாண்டுற ஆளுங்க அவரு. அவருக்கு இன்னா அவசரம்?"

வெளியே வந்து என்னிடம், "பணம் கம்மியா வந்தா வரட்டும்ணா. அவரு தப்புன்னு எழுதக்கூடாது" என்றாள்.

நம் சந்து வழக்கம் வக்கீலுக்கு என்ன தெரியும்? முனையிலேயே லாரியின் இடது கண்ணாடியை மடக்கிவிடுவார்கள், சுவரில் இடிக்கும் என்று. அப்புறம் கிளீனர்தான் கண். அவன் கதவைத் தட்டி "வா, வா" என்றால் டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பார். அன்றைக்குக் கிளீனர் தார்ப்பாய் அவிழ்க்க மேலே ஏறிவிட்டான். அவனே என்னிடம் சொன்னான். கோர்ட்டில் சொல்ல லாரி முதலாளி விடவில்லை.

இடது பக்கம் ஒடிக்க இடம் வேண்டுமென்று லாரி முதலில் வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். உங்களுக்கு வழி விடுகிறான் என்று நினைத்தீர்களா, மாப்பிள்ளை?

முதலாளி முனிரத்தினத்திடம் நேராகப் போனேன். "பணம் கட்டப்போறது இன்ஷூரன்ஸ். உள்ளத சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"என் லாரி மேல தப்புன்னு நானே சொன்னா, எவன்யா சரக்கு ஏத்துவான்?"

"நான் ஏத்துறேன்."

"தங்கச்சி புருஷன் செத்த லாரியிலயா? நீ கெட்டி ஆளுதான்யா."

அந்த லாரியிலேயே சரக்கு ஏற்றப்போவதை மேரியிடம் சொன்னேன். சோறு போட்டாள்; எதிரில் உட்காரவில்லை.

முனிரத்தினம் கூண்டேறி, அன்றைக்குக் கிளீனர் கீழே இல்லை என்பதைச் சொன்னார். உங்கள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இப்போது அதே லாரி என் வாசலில் நிற்கிறது. நான் செய்தது சரியா? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

முனிரத்தினத்திடம் பேசி முடித்தது இதுதான்: அவர் உண்மை சொல்ல வேண்டும், என் தோல் முழுக்க அவர் லாரியில் போக வேண்டும். இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். கிளீனர் இறங்கி முன்னால் நடக்காமல் அவருடைய எந்த லாரியும் அந்த முனையில் திரும்பாது. நான் இருக்கும்வரை அங்கே நின்று பார்ப்பேன்.

உங்கள் மச்சான்,
மேரியின் அண்ணன்