மாப்ளே, பெரிய டர்போதான் ஜெயிச்சுது

என் பாசத்துக்குரிய மாப்ளே ஜோசப்பு,

நீ போய் எட்டு மாசமாச்சு. சாந்தோம் கோயில்ல பூசை வச்சோம், கல்லறையில பூ வச்சோம். ஆனா நீ காத்திருக்கிற சேதி அதில்லைன்னு எனக்குத் தெரியும். கார் என்னாச்சுன்னுதானே கேட்பே?

உன் பழைய ஜப்பான் காரை வித்துடலாம்னு ஸ்டெல்லா சொல்லிட்டா. என் தங்கச்சிதான், ஆனா அவ முடிவு எடுத்துட்டா நம்ம ரெண்டு பேராலயும் அசைக்க முடியாதே! தி.நகர்ல ஒருத்தர் வாங்கிக்கிறேன்னும் சொல்லிட்டார். "சோழவரம் ரேஸ் டிராக்குல என் வீட்டுக்காரருக்காக ஒரே ஒரு தடவை ஓட்டிட்டுக் கொடுத்துடு அண்ணா"ன்னா.

புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைகள்ல நீ தேடிப் பிடிச்ச பெரிய டர்போ, அதான் இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற அந்தச் சாமான், பெட்டியோட அப்படியே கிடந்துது. நான்தான் வேணாம்னு உன்கூட மல்லுக்கு நின்னவன். "பெருசு மாட்டினா வேகம் லேட்டாத்தான் எடுக்கும்"னு கத்துவேன். "எடுத்தப்புறம் பாரு மச்சான்"னு சிரிப்பே. சரி, உனக்காக மாட்டினேன். அதுக்கேத்த மாதிரி பெட்ரோல் பாயுற அளவையும் கூட்டினேன்.

முதல் நாள் பட்டினப்பாக்கம்கூடத் தாண்டலை. டர்போ சூட்டுல ரேடியேட்டர் டியூப் உருகி ஒரே ஆவி. மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க தண்ணிக் குடத்தோட வந்து, "இன்னா நைனா, வண்டில சோறு வடிச்சிக்கினு கீறியா?"ன்னாங்க. நீ இருந்திருந்தா ரோட்டுலயே உருண்டு சிரிச்சிருப்பே. டியூபை மாத்தி, டர்போவுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தகடு வச்சு மறைச்சதும் சரியாயிடுச்சு.

சோழவரத்துல கால் மைல் ஓட்டம். உன் பழைய டைம் பதினஞ்சரை செகண்ட். நான் ஓட்டினேன்... பதினாறு! ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் டர்போ தூங்கிப் போச்சு. "நான் அன்னிக்கே சொல்லலை?"ன்னு பெருமையா இறங்கினேன்.

ஸ்டெல்லா துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டினா. "சாவியைக் கொடு. நீ கியர் மாத்துறதுக்குள்ள மாசமே மாறிடும்."

ஸ்டார்ட் கோட்டுல நின்னே இன்ஜினை உறும விட்டு, சட்டுனு கிளட்சை விட்டா. கியர் மாத்தினதே தெரியலை, டர்போவோட விசில் சத்தம் குறையவே இல்லை. பதினாலேகால், மாப்ளே! இதையெல்லாம் எப்போடா அவளுக்குக் கத்துக்கொடுத்தே? எங்கிட்ட ஏன் மறைச்சே?

ஹெல்மெட்டைக் கழட்டினப்போ கண்ணெல்லாம் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. "அந்த தி.நகர் சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு அண்ணா. நான் இன்னும் ஓட்டணும்."

அடுத்த பந்தயத்துல பதினாலுக்குக் கீழே இறக்கிக் காட்டுறோம். அவ ஓட்டுவா. நான் ஸ்பானரோட ஓரமா நிப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்கிட்ட தோத்துப் போனதுல சந்தோஷப்படுற,
உன் மச்சான் ஆரோக்கியம்