நட்சத்திரமும் சேர்ந்து வரும் போன்

ஐப்பசி 3, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். சன்னதியில் கூட்டம் கம்மி. போன் திரை பாதி கறுத்துவிட்டது, புதுசு வாங்கியே ஆக வேண்டும். உபயதாரர் அத்தனை பேரும் அதற்குள்தான்: பெயர், நம்பர், கீழே குறிப்பில் ஊர், நட்சத்திரம், கோத்திரம். அர்ச்சனையின்போது திரையைப் பார்த்துச் சொன்னால் பிசகாது. புது போன் என் லேப்டாப்போடு ஒத்துப்போக வேண்டும். இங்கே மாற்றினால் அங்கேயும் மாற வேண்டும்.

ஐப்பசி 4, செவ்வாய்

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேரடி வீதி. எல்லாக் கடையிலும் கேமராவையே காட்டுகிறார்கள். மூன்றாவது கடைப் பெண் மட்டும் பொறுமைசாலி.

"நம்பர் எல்லாம் வந்துடுச்சு சாமி."

"நம்பர் வந்தா ஆச்சா? நட்சத்திரம் எங்கம்மா?"

முழித்தாள். இரண்டு போனில் குறிப்பு வரவில்லை. மூன்றாவதில் ரோகிணி, பாரத்வாஜ கோத்திரம், எல்லாம் டாண் என்று வந்தது. அதுவே போதும். பழையதைத் துடைத்து எக்ஸ்சேஞ்சில் தள்ளியாயிற்று. என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

ஐப்பசி 6, வியாழன்

நல்ல வெயில். லேப்டாப்பில் பட்டியலைச் சுத்தம் செய்தேன். நம்பரே இல்லாத வெறும் பெயர்கள் பதினேழு. கூப்பிட முடியாத பெயர் எதற்கு? நீக்கம். குப்பைத்தொட்டியும் காலி. அடுத்த நொடி போனிலும் இல்லை. பிரமாதம்!

மீனா எட்டிப் பார்த்தாள். "யாரு எவான்னு பாக்காமலா அழிச்சேள்?"

பெண்டாட்டிக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

காபியில் சர்க்கரை ஜாஸ்தி.

ஐப்பசி 9, ஞாயிறு, பௌர்ணமி

கிரிவலக் கூட்டம். நிற்க இடமில்லை. பத்து மணிக்குக் கீழ்பென்னாத்தூர் அம்மா. ஊரை விட்டுப் போன மகன் திரும்ப வேண்டும் என்று பௌர்ணமிதோறும் பஸ் பிடித்து வந்து அர்ச்சனை செய்பவள். போன் கிடையாது. தட்டை நீட்டினாள். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. அந்தப் பதினேழில் அவள் மகனும் ஒருவன்.

"நட்சத்திரம் என்னம்மா?"

"எனக்கின்னா தெரியும் சாமி? அவன் பொறந்த ஆஸ்பத்திரி சீட்டப் பாத்து நீங்கதான கணிச்சிக் குறிச்சீங்க. அந்தச் சீட்டும் மழையில பூடுச்சி."

திரையை மறுபடி மேலும் கீழும் தள்ளினேன். அவளே சமாதானம் சொன்னாள்.

"பரவால்ல சாமி. பேர மட்டும் சொல்லிப் பண்ணுங்க. அண்ணாமலையாருக்குத் தெரியாதா?"

பெயர். எட்டு வருஷமாக மாதம் தவறாமல் நான் வாய்விட்டுச் சொன்ன பெயர். நினைவில் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

தட்டிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழுமலை, சாமி."