திரும்பப் பெற நான்கு கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் மனைவியும் நலம். உன் இருமல் நின்றதா என்று நீ எழுதவில்லை. நிற்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

சென்ற கடிதத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாய். "யாரோ எழுதியதை எடுத்து இணையதளத்தில் ஒட்டுகிற வேலைதானே அம்மா அது. நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ராஜினாமா செய்துவிட்டு இங்கே வந்து சேரட்டும்" என்று எழுதியிருந்தாய். நான் உன் மனைவியிடம் இதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு மறதி இன்னும் வரவில்லை. ஏன் பேசவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஓர் அறிவிப்பு வருவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நீ அவளிடம் என்றாவது கேட்டிருக்கிறாயா? நானும் கேட்டதில்லை. அவள் மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் வரைவு எழுதுவாள். அதைப் பகுதிப் பொறியாளர் பார்க்க வேண்டும், பிறகு சட்ட அதிகாரி, பிறகு துணை இயக்குநர், கடைசியில் இயக்குநர். நால்வரும் திரையில் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரிய மனிதர்கள் பொத்தானைத் தொடுவதில்லை. காகிதத்தில் அச்சடித்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போடுவார்கள். நால்வரின் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிற ஒரே எழுத்தர், காகிதம் வந்து சேர்ந்ததும் நால்வருக்காகவும் தானே அழுத்துவார். கணினி வாங்கி, அதைக் காகிதத்துக்குக் காவல் வைத்திருந்தார்கள்.

இதில் துணை இயக்குநருக்கு அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்று பெயர். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த ஒரு சொல்தான் வரும். அது ஒரு வாரமும் ஆகலாம். குழாய் வேலைக்காகத் தண்ணீர் நிற்கும் என்ற அறிவிப்பு, தண்ணீர் திரும்ப வந்த பிறகு வெளியாகும். நம் மாடிப்படியில் ஏறும்போதே எதிர்வீட்டுக்காரர் உன் மனைவியைப் பிடித்துக்கொள்வார். "நேத்து தண்ணி வராதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றிம்மா" என்பார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து கதவைச் சாத்துவாள். அதற்குப் பிறகு சிரிக்கமாட்டாள்.

அவள் செய்த காரியம் இதுதான். எல்லா அறிவிப்புக்கும் ஒரே வழி எதற்கு என்று கேட்டாள். அலுவலக நேரம், போன் எண் மாதிரி சில்லறை விஷயங்களுக்கு ஒருவர் ஒப்புதல் போதும். டெண்டர், கட்டணம் என்றால் பழையபடி நால்வர். தண்ணீரில் அழுக்குக் கலந்துவிட்டது என்ற எச்சரிக்கைக்கு மட்டும் தனி வழி. வாசகத்தை முன்கூட்டியே எழுதி, நால்வரும் ஆற அமரப் படித்து ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும். பகுதியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். ஆபத்து வருகிற வேளையில் பணியில் இருக்கிற பொறியாளர் ஒருவரே பெயரை நிரப்பி வெளியிடலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று இயக்குநரிடமே கேட்டாளாம். இயக்குநர், "தப்பா போட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்றிருக்கிறார். "நான்தான் சார்" என்று சொல்லி, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்த வேகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது, வேலையைப் பணயம் வைத்துவிட்டாள் என்று.

அந்த வாசகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து அடித்துத் திருத்தினோம். சண்டை போட்டோம் என்பதுதான் சரி. அவர்கள் அலுவலக வாசகம் "பொதுமக்களின் நலனைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கி மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. நான் வேலை பார்த்த கான்வென்ட் பள்ளியில் அப்படி ஒரு கடிதம் எழுதினால் தலைமைக் கன்னியாஸ்திரி மதர் அதை இரண்டு விரலால் தூக்கி மேசையின் ஓரத்தில் வைப்பார். முதல் வரியே "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று இருக்கட்டும் என்றேன், ஒப்புக்கொண்டாள். "தயவுசெய்து" சேர்க்கச் சொன்னேன்; மறுத்துவிட்டாள். "அத்தை, தீப்பிடிச்ச வீட்டுல தயவுசெய்து வெளியே வாங்கன்னு யாராவது கூப்பிடுவாங்களா?" என்றாள். எனக்கு இன்னமும் உடன்பாடு இல்லை. ஆனால் அறிவிப்பு அவளுடையது.

இன்னொரு விதியும் எழுதினாள். எச்சரிக்கையை வெளியிட ஒருவர் போதும். அதைத் திரும்பப் பெறுவதற்கு மட்டும் நான்கு கையெழுத்தும் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையும் வேண்டும். அவசரப்பட்டு எச்சரித்தால் கொஞ்சம் எரிவாயு வீண், அவசரப்பட்டு எடுத்துவிட்டால் குழந்தைகளின் வயிறு என்பது அவள் கணக்கு. இயக்குநர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார். நான்கு கையெழுத்து என்ற சொல் கண்ணில் பட்டதும் மனம் குளிர்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். எதற்கு நான்கு என்று படிக்கவில்லை.

போன வாரம் அந்த நாள் வந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் கட்டடத்துக்குத் தோண்டியவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். பணியில் இருந்த பொறியாளர் சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தண்ணீரை மோந்து பார்த்தவள் யாரையும் கேட்கவில்லை. நம் பகுதியின் பெயரை நிரப்பி அழுத்திவிட்டாள். நான் காலைக் காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கும்போதே போனில் வந்துவிட்டது. முதல் வரி நான் சொன்ன வரி. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாடிப்படி இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு வந்து நின்றார். "இன்னைக்குத் தண்ணியைப் பத்தி இன்னைக்கே சொல்லியிருக்கோம், போய்க் கொதிக்க வையுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இத்தனை நாள் அவர் பேசியதற்கு அது போதும்.

ஆனால் அன்றுதான் புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் திறப்பு விழா. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள். இயக்குநர் உன் மனைவியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அந்த எச்சரிக்கையை உடனே எடு என்றாராம். அவளால் முடியும். அந்தத் தளத்தின் சாவி முழுவதும் அவள் கையில்தான் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். அவள் எடுக்கவில்லை. "சார், திரும்பப் பெற நாலு கையெழுத்து வேணும். நீங்களே ஒத்துக்கிட்ட விதி" என்று அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்திருக்கிறாள். "சாயங்காலத்துக்குள்ள அது போகலைன்னா நீ போயிடுவ" என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாளாம்.

அவர் தானே காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்கக் கிளம்பினார். பகுதிப் பொறியாளர் மறுத்தார். சட்ட அதிகாரி பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேட்டார். கடைசியாகத் துணை இயக்குநரின் மேசைக்குப் போனார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, காகிதத்தை முழுவதும் படித்தார். பிறகு இயக்குநரின் முகத்தைப் பார்த்து, "பார்க்கலாம்" என்றார். அலுவலகமே குனிந்துகொண்டு சிரித்ததாம். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சொல் ஊருக்கு உபயோகப்பட்டது அன்றுதான்.

மதியத்துக்குப் பிறகு பரிசோதனைக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது உண்மை. இரண்டு நாள் கழித்துக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் வாரியத்தைக் கூப்பிட்டு, இப்படி ஒரு குழாய் உடைந்தால் எங்கள் வார்டு நிரம்பிவிடும், இன்று காலியாக இருக்கிறது, யார் செய்தது இது என்று கேட்டாராம். அறிக்கை வந்த அன்றே திறப்பு விழா மேடையில் இயக்குநர் "எங்கள் புதிய எச்சரிக்கை முறை" என்று பேசிக் கைத்தட்டு வாங்கினார். இவள் அதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். எனக்குக் கோபம். அவள், "விடுங்க அத்தை, இனிமே அதை அவரால மாத்த முடியாதில்ல" என்றாள். உன் அப்பா இருந்திருந்தால் இதற்குள் தெரு முழுவதும் சொல்லி முடித்திருப்பார். இப்போது அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, குறைவில்லாமல் செய்கிறேன்.

நேற்று அவளுக்கு உத்தரவு வந்தது. வாரியத்தின் எல்லாக் கிளைகளின் அறிவிப்புகளுக்கும் இனி அவள்தான் தலைமை. எந்தச் செய்திக்கு யார் ஒப்புதல் என்று வகுப்பது அவள் வேலை. கீழே ஆறு பேர். அந்தப் பொறியாளர் பெண்ணுக்குப் பாராட்டுக் கடிதம் வேண்டும் என்று இவள் எழுதிய முதல் குறிப்பைத் துணை இயக்குநர் அன்றைக்கே அனுப்பிவிட்டாராம். ஊரில் மழை பெய்யும்.

உனக்கு இதை அவள் சொல்லவில்லை. என்னையும் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்தாள், பிறகு கீழே வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன்.

ஆகவே, நீ கொடுத்த வேலையை நான் செய்யப் போவதில்லை. அவளிடம் எதையும் விடச் சொல்ல இந்த வீட்டில் இனி யாருக்கும் வாய் இல்லை. நீ அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது எனக்குத் தெரியும். அது எனக்கு உறுத்தாமல் இல்லை. உன் ஒப்பந்தம் முடியும்போது இங்கேயும் உன் படிப்புக்கு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சனிக்கிழமை அவள் வீட்டில்தான் இருப்பாள். கூப்பிடு. வாழ்த்துகள் என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளாதே. அன்று என்ன நடந்தது என்று அவளையே கேள். நான் இதில் விட்டுவிட்டவை நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் சொல்வாள். எப்போது வருகிறாய் என்று இந்த முறை அவள் உன்னைக் கேட்டால், "பார்க்கலாம்" என்று சொல்லாதே, ஒரு தேதியைச் சொல். உன் அறைச் சன்னலை வாரா வாரம் திறந்து காற்று விடுகிறாள், நான் சொல்லாமலே.

நீ உடல்நலத்தோடும் நல்ல புத்தியோடும் நெடுநாள் வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா