ஒன்பது வயதுக்கு இரண்டு வேலை

அன்புத் தம்பி சுகுமாறனுக்கு,

கிள்ளானிலிருந்து அக்கா இராஜம்மா எழுதுவது. நலமா என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை. எத்தனை முறை அழைத்தாலும் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான், லீவு முடிந்து பிந்துலுவுக்கு வேலைக்குத் திரும்பும் உன் நண்பர் நாகையாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் படி.

உன் பெண்டாட்டி மலர்விழி மறுபடியும் சுங்கை வே தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வீட்டிலிருந்தால் குளியலறைப் பக்கமே கண் போகிறதாம். மாதவியிடம் பேசுவதே இல்லை. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை இல்லை! பிள்ளையை என் வீட்டில்தான் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள்.

பின்னே எப்படிப் போவாள்? குழந்தை ஜீவனை அடக்கம் செய்த அன்று அத்தனை பேர் முன்னால், "தம்பிய பாத்துக்கச் சொன்னா என்னடி பண்ணிக்கிட்டு இருந்த, நீதாண்டி கொன்னுட்ட" என்று கத்திவிட்டு, மறுநாளே விமானம் ஏறிவிட்டாய்.

நேற்று அவளைக் குழந்தைகள் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு வேலையிலிருந்து மனதை எடுத்து இன்னொன்றில் வைப்பதும், மறக்காமல் பழையதற்குத் திரும்புவதும் பிறக்கும்போதே வருவதில்லையாம். நாலு வயதில் ரொம்பக் கஷ்டமாம். மாதவியின் ஒன்பது வயதில் ஓரளவு வருமாம், ஆனால் ஒன்றில் மூழ்கினால் மற்றது நழுவிவிடுமாம். முழுதாகக் கைவர இருபது வயதாவது ஆகுமாம். உண்மைதானே? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நான் மூன்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஆர்டரும் எடுக்கிறேன். என் மகன் வாசு சின்னதில், விளையாட்டை விட்டுச் சாப்பிட வா என்றாலே தரையில் புரண்டு அழுவான். நாமோ மாதவியைச் "சின்ன அம்மா" என்று மெச்சி மெச்சி, வீட்டுப்பாடம், உலை, தம்பி எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினோம்.

திரும்பி வரும் வழியில் அவளாகவே சொன்னாள். ஜீவன் போன அன்று சாயங்காலம், மலர்விழி வேலையிலிருந்து வருமுன், வீடியோவில் அழைத்தது நீதானாம். ஏழாம் வாய்பாடு ஒப்பிக்கச் சொன்னாயாம். நடுவில் தம்பி எங்கே என்று அவள் திரும்பியபோது, "அங்க இங்க பாக்காத, என்னையப் பாத்துச் சொல்லு, தப்பு விட்டா மொதல்லருந்து" என்று அதட்டினாயாம். அதன்பிறகு பிள்ளை திரும்பவே இல்லை. முடித்துவிட்டுத் தேடியபோது ஜீவன் தண்ணீர் வாளிக்குள் கிடந்திருக்கிறான்.

அட பாவி! உன்னை வெறுக்கவும் முடியவில்லையடா. நீயும் பெற்றவன்தானே, இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறாய்?

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியும்தானே அத்தை. அவரே அம்மாகிட்ட சொல்லுவாரு" என்றாள்.

மலர்விழியிடம் நான் சொல்லப்போவதில்லை. நீதான் வந்து சொல்ல வேண்டும், மாதவியின் காதில் விழும்படி. சீக்கிரம் வா தம்பி. அப்பா பொய் சொல்லமாட்டார் என்று அந்தப் பிள்ளை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கும்படி மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா
இராஜம்மா