இரண்டில் நின்றிருந்த திருகு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவைத் தவிர எல்லோரும் உண்டு உறங்கி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். நீ போனில் உன் அண்ணியைக் கேட்டது என் காதிலும் விழுந்தது, எங்கப்பாவைக் கொன்னுட்டு உனக்கு எப்படி சோறு இறங்குதுன்னு கேட்டாய். அன்றிலிருந்து அவளுக்கு நிஜமாகவே இறங்கவில்லை, இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவிவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

ஆக்சிஜன் மெஷின் கொண்டுவந்த நர்ஸ் பெண் திருகைக் காட்டி, ரெண்டுக்கு மேல வைக்காதீங்க பாட்டி, சாப்பிட்டது உள்ள எரிஞ்சு கெட்ட காத்தாகும், அதை வெளிய தள்ள தாத்தா நுரையீரலுக்குத் தெம்பில்ல, ஆக்சிஜனைக் கூட்டினா அது இன்னும் தேங்கி மயக்கமாத் தூங்கிடுவாரு என்றாள். ஒரு வார்த்தை மறக்கவில்லை. என்னைப் பாட்டி என்றதையும் மறக்கவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கின அன்று மத்தியானம் அண்ணி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள், அப்பா அரை முட்டையை மெல்வதற்குள் மூச்சு வாங்கி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். மாவு மில்லில் மூட்டை தூக்கின மனுஷன். அந்தப் பார்வை தாங்காமல் திருகை ஐந்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரைப்பு அடங்கி, முகம் சிவந்து தூங்கினார். நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனாலும் மூன்று மாதத்தில் அவர் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லையே, நல்ல தூக்கம் என்றே நம்பி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுப்பினபோது எழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யார் கூட்டினது என்று கேட்டார், மருமகள் என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று அவள் வீட்டார் உன் அப்பாவுக்கு நாற்காலி போடாமல் நிற்கவைத்த பதினோரு வருஷக் கோபம் அந்த நேரத்திலும் நாக்கில் இருந்தது. அவள் நான் தொடவே இல்லை என்று அழுதாள். அம்மாவுக்கு ஞாபகம் தப்பாது என்று உன் அண்ணன் சொன்னான், அதற்கு மேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவளிடம் நீ மன்னிப்புக் கேள். பேத்தியை ஓடிக்கொண்டே சாப்பிட விடாதே, மென்று விழுங்கச் சொல். மூவரும் நெடுங்காலம் நன்றாக இருங்கள். தபால்பெட்டி வரை நடக்க எனக்குக் கால் இல்லை, கடிதத்தை அண்ணியிடம்தான் கொடுக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா